வெறும் தரையை மூக்கால் தள்ளும் நாய்

கேள்வி: எங்கள் நாட்டு நாய் மணிக்கு மூன்று வயது. சோறு வைத்தால் பாதி தின்றுவிட்டு, தட்டைச் சுற்றி வெறும் தரையை மூக்கால் தள்ளுகிறது. மூக்கு நுனியே உரிந்துவிட்டது. கோழித்துண்டு என்றால் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் ஓடிவிடும். மகள் கிட்டே போனால் உறுமும். ருசி போதவில்லை, குழம்பு ஊற்று என்கிறார் மாமியார். இது நோயா, டாக்டர்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மணி சோற்றைப் புதைக்கப் பார்க்கிறது. ஓநாய், நரி, நாய் எல்லாமே மிஞ்சிய இரையை முன்காலால் பறித்த குழியில் போட்டு, மண்ணை மூக்கால்தான் தள்ளி மூடும். உங்கள் வீட்டிலோ டைல்ஸ். எவ்வளவு தள்ளினாலும் மண் வராது, அதனால் நிறுத்தவும் தெரியாது.

அநேகமாக, வைக்கும் அளவுதான் அதிகம். கால் பங்கு குறைத்துக் காலையும் இரவும் மட்டும் வையுங்கள். 20 நிமிடத்தில் மீதியை எடுத்துவிடுங்கள். இடையில் போகும் பொறையும் பிஸ்கட்டும் கணக்கில் சேரும். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான உடம்பு. குழம்பு கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மாமியாருக்காக, உப்பில்லாமல் கோழி வேகவைத்த தண்ணீரை ஊற்றலாம்.

கட்டிலடிக்கு ஓடுவது, வேறொரு நாய் பிடுங்கிவிடுமோ என்ற பழைய பயம். எவர்சில்வர் தட்டு டைல்ஸில் வழுக்கிச் சத்தம் போட்டாலும் சில நாய்கள் மிரளும். கீழே ஈரச்சாக்கை மடித்துப் போட்டு, ஆள் நடக்காத மூலையில் வையுங்கள். வெந்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் குத்தும். சதையை மட்டும் போடுங்கள்.

உறுமலுக்கு அடிக்காதீர்கள். அது எச்சரிக்கை, அதை அடக்கினால் அடுத்தமுறை சொல்லாமலே கடிக்கும். பெரியவர் ஒருவர், அது உறுமாத தூரத்தில் கடந்துபோகும்போது ஒரு கோழித்துண்டை வீசிவிட்டு நடக்கட்டும். ஆள் வந்தால் லாபம் என்று பழகிய பிறகு, நாளுக்கு நாள் தூரத்தைக் குறைக்கலாம். மகள் அந்த நேரத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். மோந்து பார்த்து, உதட்டை நக்கி, எச்சில் வடித்துத் தட்டைத் தள்ளினால் அது குமட்டல். ஒரு பக்கமாக மென்று வாயிலிருந்து நழுவவிட்டால் பல்வலி. ஒரு நாள் முழுக்கத் தின்னாமல், உடம்பில் உண்ணியும் இருந்தால் உண்ணிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தால் அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.