ஹார்ட்விக் மாளிகையின் சன்னல்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

இங்கிலாந்தின் ஹார்ட்விக் ஹால் மாளிகையின் படங்களை அண்மையில் பார்த்தேன். கல் வீடு என்கிறார்கள். முகப்பிலோ கண்ணாடிதான் கண்ணை நிறைக்கிறது. பாரம் தாங்கவேண்டிய சுவரை இவ்வளவு திறந்துவிட்டால் கட்டடம் எப்படி நிற்கிறது? மேலே போகப்போகச் சன்னல்கள் பெரிதாவது ஏன்?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கண்ணில் பட்டதுதான் அந்த மாளிகையின் உயிர்நிலை. 'ஹார்ட்விக் ஹால், சுவரைவிடக் கண்ணாடி அதிகம்' என்று அந்நாட்டில் ஒரு சொலவடையே உண்டு. டார்பிஷயரில் ஒரு குன்றின்மேல், 1590 முதல் 1597 வரை இதைக் கட்டுவித்தவர் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத். 'பெஸ் ஆஃப் ஹார்ட்விக்' என்றால்தான் பலருக்கும் தெரியும். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்ஸன் என்று கருதப்படுகிறது. கல்தச்சராக இருந்து கட்டடக் கலைஞராக உயர்ந்தவர் அவர். மணற்கல்லை அந்தக் குன்றிலேயே வெட்டி எடுத்தார்கள்.

குளிர்நாட்டு வீட்டில் அறைக்கு அறை கணப்படுப்பு வேண்டும். அதன் புகைபோக்கியை வெளிச்சுவரில் வைத்தால் சன்னலுக்குரிய இடத்தை அது விழுங்கிவிடும். ஹார்ட்விக்கில் பெரும்பாலான புகைபோக்கிகளை உட்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டின் நீளவாக்கில் நடுவே ஓடும் தடித்த சுவர் முதுகெலும்புபோல் நின்று அவற்றையும் சுமக்கிறது, தளங்களின் பாரத்தையும் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் வெளிச்சுவரை அத்தனை துணிச்சலாகத் திறக்க முடிந்தது. அந்தத் திறப்புங்கூட வெறும் ஓட்டையன்று. ஒரு சன்னலை நெருங்கிப் பாருங்கள்: நெடுக்கில் கல் தண்டுகள், குறுக்கில் கல் சட்டங்கள், அவற்றின் இடையே ஈயப் பட்டிகளால் கோத்த சிறுசிறு கண்ணாடிச் சில்லுகள். பெரிய கண்ணாடித் தகடு அன்று எளிதில் கிடைக்காது. தொலைவில் ஒரே பரப்பாக மின்னுவது உண்மையில் நூற்றுக்கணக்கான துண்டுகள்.

இரண்டாவது கேள்விக்கு விடை, யார் எந்தத் தளத்தில் புழங்கினார்கள் என்பதில் இருக்கிறது. கீழ்த்தளம் பணியாளர்களுக்கும் அடுக்களைக்கும்; நடுத்தளம் சீமாட்டியின் அன்றாட வாழ்வுக்கு; உச்சித்தளம் பெருவிருந்தினரை வரவேற்கும் சபைக்கு. மதிப்பு ஏற ஏற அறையின் உயரமும் ஏறுகிறது, சன்னலும் அதோடு வளர்கிறது. உயரம் குறைந்த அகலமான கற்படிகள் வீட்டினூடே வளைந்து வளைந்து மேலேறுகின்றன. விருந்து நாளில் சமைத்த உணவைக் கீழிருந்து அந்தப் படிகள் வழியாகவே ஊர்வலமாக எடுத்துச் செல்வார்கள். முடிவில் வேட்டைத் தெய்வம் டயானாவையும் காட்டையும் வண்ணச் சுதையில் வடித்த பேரறை திறக்கும். படிக்கட்டை இவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்திய வீடுகளை நான் அதிகம் கண்டதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகப்பின் சமச்சீர் கெடக்கூடாது என்பதற்காகச் சில இடங்களில் பொய்ச் சன்னல் வைத்திருக்கிறார்கள். வெளியே மற்றவை போலவே கண்ணாடி மின்னும். உள்ளே போய்த் தேடினால் அந்த இடத்தில் ஒளி இராது, புகைபோக்கியின் கல்தான் இருக்கும்.

அன்புடன்.