போர்ச் கூரைக்கும் ஷிங்கிளா?

கேள்வி: எங்கள் வீட்டு முன்வாசல் போர்ச் கூரை கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. மேல்கூரைக்கு ஷிங்கிள் (அடுக்கடுக்காக ஆணியடிக்கும் தார்த் தகடு) மாற்ற வந்தவர், "இதற்கும் அதையே அடித்துவிடலாம்" என்கிறார். நம்பலாமா?
- வாசகி, ஸ்காபரோ

பதில்: முதலில் சரிவை அளந்து பாருங்கள், தங்கச்சி. ஒரு லெவலின் முனையைக் கூரையில் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்படி பிடியுங்கள். அந்த முனையிலிருந்து 12 அங்குலம் தள்ளி, லெவலுக்கும் கூரைக்கும் எவ்வளவு இடைவெளி? 4 அங்குலமோ கூடவோ என்றால் வழக்கம்போல் அடிக்கலாம். 2-க்குக் கீழே என்றால் ஷிங்கிள் கூடவே கூடாது.

ஊரில் கிடுகுக் கூரையை ஏன் அவ்வளவு செங்குத்தாக வைத்தார்கள்? ஷிங்கிளும் அதே கணக்குத்தான். தண்ணீரை வழிந்தோட விடும், தேங்கினால் தாங்காது. சரிவு குறைந்த இடத்தில் காற்று மழையை மேல்நோக்கித் தள்ளும். ஈரம் அடுக்குகளுக்கு இடையே ஏறி ஆணியைத் தேடிப் பிடிக்கும். ரொறன்ரோக் குளிரில் இன்னும் மோசம். வீட்டுச் சூட்டில் மேல்கூரைப் பனி உருகி, கீழே சூடில்லாத போர்ச்சில் விழுந்து உறையும். அந்தப் பனிக்கட்டி அணை கட்டியதுபோல் நிற்க, பின்னால் வரும் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் போகும்.

இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் என்றால் செய்யலாம், ஆனால் கூரைப் பலகை முழுவதும் ஒட்டும் பனித்தடுப்புச் சவ்வு போட்டு, எங்கும் மூன்று அடுக்கு மூடும்படி ஷிங்கிளை நெருக்கி அடிக்க வேண்டும். மூன்றடுக்கு கனடாக் கட்டட விதியிலேயே இருக்கிறது. உங்கள் ஆள் இதையெல்லாம் சொன்னாரா? மேல்கூரையில் மிஞ்சும் ஷிங்கிள் கட்டுகளைத் தீர்ப்பது அவருக்கு வசதி, அவ்வளவுதான்.

என் வீடாக இருந்தால் 3 அங்குலத்துக்குக் கீழே ஷிங்கிளை நினைக்கவே மாட்டேன். அதற்குப் பதிலாக, துகள் பதித்த பிற்றுமின் (தார்) சுருள், ஷிங்கிள் நிறத்துக்குக் கிட்டவே கிடைக்கும். தானே ஒட்டும் வகையைக் கேளுங்கள். வினைல் சுவருக்குப் பக்கத்தில் தீச்சுடரைக் காட்டி உருக்கி ஒட்டுகிற வேலை வேண்டாம்.

அப்புறம், போர்ச் வீட்டுச் சுவரைத் தொடும் கோடு. நான் பார்த்த ஒழுக்குகளில் பாதி அங்கேதான். அங்கே வைக்கும் தகரம் சைடிங்குக்கு, அதாவது சுவரின் வெளியுறைக்கு, உள்ளே ஏற வேண்டும். வெளியே சிலிக்கோன் பூசிவிட்டுப் போனால் சில வருடத்தில் வெடித்துவிடும். பழையதைக் கழற்றியதும் பலகையைக் காட்டச் சொல்லுங்கள். உக்கின பலகை மாற்ற ஒரு பலகைக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.