அம்மாவுக்கு 53ஆ, 29ஆ?

வணக்கம். அம்மாவுக்கு வயது 74, எடை 41 கிலோ, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.1. லேப் ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) 53 என்று இருக்க, டாக்டர் 29 என்று சொல்லி மாத்திரை அளவைக் குறைத்துவிட்டார், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதறாதீர்கள், இரண்டுமே சரியான கணக்குதான்.

லேப் போட்டது 2021 சிகேடி-ஈபிஐ சூத்திரமாக இருக்கும். நானும் போட்டுப் பார்த்தேன், 53தான் வருகிறது. அதில் எடையே கிடையாது, உடம்பின் பரப்பு 1.73 சதுர மீட்டர் என்று வைத்துச் சொல்லும் எண் அது. டாக்டர் போட்டது 1976இல் வந்த காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரம். 140இல் வயதைக் கழித்தால் 66. அதை 41ஆல் பெருக்கி, 72ஐயும் 1.1ஐயும் பெருக்கிய தொகையால் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால் 29. பல மருந்துகளுக்கு அளவு நிர்ணயித்ததே இந்தக் கணக்கை வைத்துத்தான். அதனால் அவர் குறைத்தது நியாயம்.

எனக்கு உறுத்துவது வேறு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. வளையல் முழங்கை வரை ஏறுகிற அளவுக்கு மெலிந்தவர்களுக்கு அது குறைவாகத்தான் உண்டாகும், 1.1 நல்ல எண்போலத் தெரிந்து ஏமாற்றிவிடும். எங்கள் அத்தைக்கு அப்படித்தான் ஆனது. சிறுநீரகத்தைக் கணிக்க உதவும் சிஸ்டாட்டின் சி ரத்தப் பரிசோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல; எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், மூட்டுவலிக்கு, சிறுநீரகத்துக்கு ஆகாத டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடுகிறாரா என்று பாருங்கள். போட்டால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.