மூன்று ஏக்கரில் ஆயிரம் கன்று வேண்டாம்

கேள்வி: சிங்கப்பூரில், தெம்பனிஸில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். முதுகுளத்தூர் பக்கம் எனக்கும் தம்பிக்கும் 3 ஏக்கர் பூர்வீக நிலம், கரிசல் மண். இப்போது முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. இங்கே ‘பத்து லட்சம் மரங்கள்’ இயக்கத்தில் தொண்டூழியராக நான் நட்ட கன்று, இரண்டே ஆண்டில் என் தலைக்கு மேல் போய்விட்டது. ஊரிலும் ஜேசிபி விட்டுக் கருவேலத்தை மொத்தமாக எடுத்துவிட்டு 1,000 கன்று நடலாமா? ஜூன் பள்ளி விடுமுறையில் போகிறேன். மரம் வளர்ந்தால் மழையும் கூடும் என்கிறார்களே?

பதில்: நடலாம். ஆனால் 1,000 வேண்டாம், ஜூனில் வேண்டாம், ஜேசிபியை மொத்தமாக இறக்கவும் வேண்டாம். வறள்நிலத்தில் தண்ணீரும் செடியும் எப்படிக் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. அதனால் முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வருடத்தில் ஏறத்தாழ 170 நாள் வானம் பொழிகிறது. இங்கே கன்றை நட்டுவிட்டு நீங்கள் மறந்தாலும் மழை மறக்காது. ராமநாதபுரம் மாவட்டத்தில் சுமார் 800 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். காற்றும் வெயிலும் உறிஞ்சிக்கொள்ளத் தயாராக இருக்கும் அளவோ 1,500 மில்லிமீட்டரைத் தாண்டும். பெய்யும் மழை இந்த உறிஞ்சும் அளவில் 0.65 பங்குக்கும் குறைவாக இருந்தால் அது வறள்நிலம். உலகின் நிலப்பரப்பில் சுமார் 41 சதவிகிதம் அப்படித்தான் இருக்கிறது. பாலைவனம் மட்டுமே வறள்நிலம் என்று நினைத்துக்கொள்கிறோம். உங்கள் பூர்வீக நிலமும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது.

இப்போது உங்கள் 1,000 கன்று. மூன்று ஏக்கர் என்பது ஏறத்தாழ 12,140 சதுர மீட்டர், ஒரு மரத்துக்கு 12 சதுர மீட்டர் கிடைக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அப்படியானால் மரத்துக்கு ஆண்டுக்கு 9,700 லிட்டர், நாளுக்கு 26 லிட்டர் சொச்சம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இது ஒரு சொட்டுகூட ஓடிப்போகாமல், ஆவியாகாமல் இருந்தால் வரும் கணக்கு. கரிசலில் பெரிய மழை பெய்தால் பாதி ஓடையைத் தேடிப் போய்விடும். முதல் மூன்று வருடம் கன்றுகள் சமாளிக்கும். வளர்ந்தபின்தான் ஒன்றோடொன்று தண்ணீருக்குச் சண்டை போடும். 120 முதல் 150 மரம் என்பது என் கணிப்பு. மரத்துக்கு 80 சதுர மீட்டராவது வேண்டும்.

சீனாவின் லோயெஸ் பீடபூமியில் 1999 முதல் மிகப் பெரிய அளவில் மரமும் புல்லும் வளர்த்தார்கள். பச்சை கூடியது, மண்ணரிப்பும் குறைந்தது. ஆனால் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தப் பச்சை அங்குள்ள தண்ணீர் தாங்கக்கூடிய எல்லையை நெருங்கிவிட்டதாகச் சொன்னது. அதற்காக மரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே 2016இல் வெளியான, மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோவில் செய்த ஆய்வின் முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. மரமே இல்லாத இடத்தில் மண்ணின் மேல்பரப்பு இறுகி, மழை உள்ளே இறங்கவில்லை. அடர்த்தியாக மரம் இருந்த இடத்தில் இறங்கியதை மரங்களே குடித்துவிட்டன. அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் நின்ற நிலத்தில்தான் நிலத்தடிக்கு அதிகத் தண்ணீர் போனது.

மண் இறுகுவது என்றால் என்ன என்று உங்கள் வீவக வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். ஊருக்குப் போய்த் திரும்பும்போது தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டி காய்ந்து கிடக்குமே, அதில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். பத்தே விநாடியில் அடித்தட்டில் நிரம்பிவிடும். சரி, நனைந்துவிட்டது என்று நினைப்போம். குச்சியால் நடுவில் கிளறினால் பொடிப்பொடியாகக் காய்ந்தே இருக்கும். தொட்டிக் கலவை ஒரேயடியாக வறண்டால் தண்ணீரைத் தள்ளும். கரிசலில் மழைத்துளி அடித்து மேல்பரப்பு மெழுகினாற்போல் ஆகிவிடும். காரணம் வேறு, விளைவு ஒன்றுதான். தொட்டிக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும், நிலத்தில் தண்ணீரை நிற்க வைக்க வேண்டும்.

ஆகவே ஜூனில் கன்றுக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தை மண்ணுக்குச் செலவழியுங்கள். சரிவுக்குக் குறுக்கே, சரிவின் மேல்பக்கம் பார்த்து வாய் திறந்த பிறைவடிவ வரப்புகள், தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை. ஜேசிபிக்கு இங்கே வேலை இருக்கிறது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர்பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாயை வெட்டிய மாவட்டத்துக்காரருக்கு இதை நான் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். நடவைப் புரட்டாசி கடைசியில், முதல் நல்ல மழை மண்ணில் ஒரு சாண் இறங்கியபின் தம்பி செய்யட்டும். வரப்பின்மேல் பனங்கொட்டை, நடுவே வேம்பு, நாட்டுக் கருவேலம், இலந்தை. முதல் கோடைக்குக் கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பினால் போதும், அது கசிந்து கசிந்து கொடுக்கும். ஆழ்துளைக் கிணறு போடும் முன் பக்கத்துக் கிணற்று நீரின் உப்பைப் பரிசோதியுங்கள். அந்தப் பக்கம் பல இடங்களில் உவர்நீர்தான்.

அப்புறம் சீமைக்கருவேலம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைக் கெடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அதன் பலம் வேரில் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில், இதன் நெருங்கிய உறவு மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். கிட்டத்தட்ட 18 மாடி புளோக்கின் உயரம். மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அடிக்கட்டையைத் தரைக்குக் கீழே ஓரடி வரையாவது தோண்டி எடுக்க வேண்டும். ஒரே நாளில் மூன்று ஏக்கரையும் மொட்டையடித்தால் முதல் மழையில் மேல்மண் போய்விடும். வருடத்துக்கு ஓர் ஏக்கர் எடுங்கள். வெட்டிய முள்ளை எரிக்காதீர்கள், ஆடு நுழையாத வேலி அதுவே.

எடுக்கும்போது ஒரு வேலை. புதருக்கு அடியில் முழங்கால் உயரத்தில் ஏதாவது வேம்போ உடைமரமோ கடிபட்டுக் குட்டையாக நிற்கிறதா என்று பாருங்கள். நைஜரில் 1983 வாக்கில் டோனி ரினாடோ என்பவர், நட்ட கன்றெல்லாம் செத்துப்போகும் விரக்தியில் இருந்தபோது, களைச்செடி என்று நினைத்தது வெட்டப்பட்ட பழைய மரத்தின் துளிர் என்பதைக் கவனித்தார். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்தது. நல்ல இரண்டு மூன்று தண்டை விட்டுவிட்டு மற்றதைக் கழித்தால் போதும். அந்த முறையில் அங்கே சுமார் 50 லட்சம் ஹெக்டேர் மீண்டும் பசுமையானது. நாற்றங்காலில் வாங்கும் கன்றைவிட, நிலத்தில் வேரோடு காத்திருக்கும் குட்டைச்செடி உங்களுக்குச் சில வருடம் மிச்சம்.

மழை கூடுமா? மூன்று ஏக்கரால் கூடாது. பெருங்காடுகள் ஈரத்தைச் சுழற்றி மழைக்கு உதவும் என்பது உண்மை. உங்கள் ஊர் மழை வங்கக்கடலிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது, உங்கள் வேப்பமரத்தைக் கேட்டு வருவதில்லை.

ஜூனில் போனதும் நிலத்தின் நடுவில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் படம் எடுத்து அனுப்புங்கள். வேர் எந்த ஆழத்தில் போகிறது, வெள்ளை உப்புப் படிவு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். ஆட்டுக்கிடை போடுபவர்களிடம் தம்பியை இப்போதே பேசச் சொல்லுங்கள். மேய்ச்சலுக்கு ஓர் ஏக்கர் திறந்திருக்கும் என்று சொன்னால், மற்ற இரண்டு ஏக்கர் பக்கம் ஆட்டை விடமாட்டார்கள்.