பூச்சிகளே இல்லாமல் போனால் விவசாயிக்கு நிம்மதிதானே?

பூச்சி, சிலந்தி, பூரான் என்று கணுக்காலிகள் மொத்தமும் ஒழிந்தால் விவசாயம் செழிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். செழிக்காது. நான் ஈரோடு மாவட்டம் கோபிச்செட்டிபாளையம் பக்கம், வீட்டில் ஒன்றரை ஏக்கர் மல்பெரி, பட்டுப்புழு வளர்ப்புதான் பிழைப்பு. 2009இல் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

வரப்போரம் பார்த்தீனியச் செடிகளில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் ஏதோ தெரிந்தது. களைதானே என்று விட்டுவிட்டோம். கொஞ்ச நாளில் மல்பெரிக் கொழுந்து முழுக்க மாவு அப்பினாற்போல் ஆகி, இலை சுருண்டு, கீழ் இலைகளில் பிசுபிசுவென்று தேன்போல் வடிந்து, அதன்மேல் கரும்பூசணமும் படர்ந்துவிட்டது. பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, இந்தியாவில் 2008இல் முதலில் கண்டதே கோவையில்தான். பப்பாளி, மரவள்ளி, பருத்தி எதையும் அது விட்டுவைக்கவில்லை.

மருந்து அடிக்கலாமே என்றால், அதன் உடம்பெல்லாம் மெழுகு, மருந்துத் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். அதோடு பட்டுப்புழுவும் பூச்சிதானே, இலையில் விஷம் கொஞ்சம் தங்கினாலும் புழு செத்துப்போகும். சித்தப்பா பொறுக்கமுடியாமல் தன் தோட்டத்தில் அடித்தார், மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருந்த பொறிவண்டுகள்தான் முதலில் செத்தன. எறும்பு வேறு, அந்தத் தேன்நீருக்காக மாவுப்பூச்சியை மாடு மேய்க்கிற மாதிரி காவல் காக்கும்.

இத்தனைக்கும் மெக்சிகோவில் இது பெரிய தொல்லையே இல்லை, அதை அடக்குகிற குளவிகள் அங்கே உண்டு. பூச்சி மட்டும் இங்கே வந்துவிட்டது, குளவி வரவில்லை. அந்தக் குளவியினங்களில் மூன்றை 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து பெங்களூரு பூச்சி ஆய்வு மையத்துக்குக் கொண்டுவந்தார்கள், பிறகு கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பெருக்கிக் கொடுத்தது. மூன்றில் நன்றாக வேலை செய்தது ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்ற குளவி.

குளவி என்றதும் கொட்டும் என்று பயப்படாதீர்கள், இது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. குப்பியைத் திறந்தபோது மிளகுத்தூள் பறந்தாற்போல்தான் இருந்தது. கணுக்காலிகளுக்கெல்லாம் ஓடு வெளியே இருப்பதால் சட்டையை உரித்து உரித்துத்தான் வளரமுடியும். பட்டுப்புழு நான்கு முறை உரிக்கும். மாவுப்பூச்சிக் குஞ்சு ஒருமுறை உரித்து இரண்டாம் பருவத்துக்கு வரும்போது இந்தக் குளவி தேடிப் போய் அதன் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கும் புழு அதையே தின்று வளரும். மாவுப்பூச்சி உப்பி, பழுப்பாகி, கூடுபோல் இறுகிவிடும். நான் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன், அந்தக் கூட்டின் ஒரு முனையில் குண்டூசியால் குத்தினாற்போல் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும், குளவி கடித்து வெளியேறிய வழி அது.

குளவி விட்டு ஐந்தாறு மாதத்தில் கொழுந்து பச்சையாக வந்தது. பட்டுப்புழுவை அது தொடவே இல்லை. சித்தப்பாவும் மருந்தை நிறுத்திவிட்டார், பொறிவண்டும் திரும்பி வந்தது.

இப்போதும் எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அங்கங்கே உண்டு, முழுசாக ஒழியவில்லை, ஒழிந்தால் குளவிக்குத் தீனி ஏது? வெள்ளையாகக் கண்ணில் பட்டால் இலையைத் திருப்பி அந்த வட்ட ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன், இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன்.