திரையை அணைத்துவிட்டு கிராஃபிக்ஸின் மெமரி போக்குவரத்தை அளப்பது: கேள்வி பதில்

பாயான் லெப்பாஸிலிருந்து: அக்கா, லினக்ஸ் லேப்டாப், இன்டெல் கிராஃபிக்ஸ். எதுவுமே ஓடவில்லை, ஆனாலும் பெர்ஃப் (லினக்ஸின் அளவீட்டுக் கருவி) வினாடிக்கு அரை ஜிபி டிராமிலிருந்து, அதாவது கணினியின் முதன்மை மெமரியிலிருந்து, படித்ததாகக் காட்டுகிறது. அதை எண்ணும் கவுண்டரில் கோளாறா?

கவுண்டர் சரிதான் தம்பி, அவ்வளவும் திரைக்குப் போகிறது. உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, திரையில் தெரியும் படமும் டிராமில்தான் கிடக்கிறது, அது மாறினாலும் மாறாவிட்டாலும் வினாடிக்கு 60 தடவை முழுசாகப் படித்து அனுப்பியாக வேண்டும். 1920 × 1080 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட், 60 தடவை: பெருக்கினால் சுமார் 498 எம்பி. இதே 4கே திரை என்றால் கிட்டத்தட்ட 2 ஜிபி! ஃப்ரேம்பஃபர் கம்ப்ரஷனும் (திரைப் படத்தைச் சுருக்கி வைப்பது) பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷும் (படம் மாறாதபோது திரையே தன்னிடமுள்ள பிரதியைக் காட்டுவது) இயங்கினால் இது குறையும், அதனால் அவை இயங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

செந்தூலிலிருந்து: வெளிச்சத்தைப் பூஜ்ஜியமாக்கினால் போதுமா?

போதாது. விளக்குதான் அணையும், படிப்பது நிற்காது. மூடியை மூடினால் பல லேப்டாப் தூங்கியே போய்விடும். வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழியாகக் கட்டளை கொடுக்கும் முறை) நுழைந்து, டிபிஎம்எஸ் என்ற திரை மின்சக்திக் கட்டுப்பாடு வழியாகத் திரையை மட்டும் அணையுங்கள். அப்புறம் அந்த மேசைப் பக்கமே போகாதீர்கள், மவுஸ் கொஞ்சம் அசைந்தாலும் திரை விழித்துக்கொள்ளும்.

பட்டர்வொர்த்திலிருந்து: திரையை அணைத்ததும் என் 3டி டெமோவின் போக்குவரத்து பாதிக்கும் கீழே போய்விட்டது. அத்தனையும் திரையா தின்றது?

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லினக்ஸில் ஜன்னல்களைத் திரைக்குக் கொண்டுசெல்லும் வேலாண்டில், திரை அணைந்தால் ‘அடுத்த ஃப்ரேம் வரை’ என்ற சமிக்ஞையே நின்றுபோகலாம், உங்கள் டெமோ வரையாமல் சும்மா காத்திருக்கும், நீங்களோ மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொள்வீர்கள். வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதையும் சேர்த்தே குறியுங்கள். அதைவிட நல்லது, ஜன்னலே இல்லாமல் ரெண்டர் நோட் (திரையைத் தொடாமல் வரைய மட்டும் உதவும் வாசல்) வழியாக மெமரிக்குள்ளேயே வரையச் சொல்லி, திரை எரியும்போது ஒரு தடவை, அணைந்தபோது ஒரு தடவை ஓட்டுவது. ஃப்ரேம் எண்ணிக்கை ஒன்றாக இருந்து, வித்தியாசம் மேலே சொன்னபடி உங்கள் திரைக்குப் பெருக்கி வரும் எண்ணை (1920 × 1080 திரையில், அந்த இரண்டு வசதியும் இயங்காவிட்டால், 498 எம்பி) ஒட்டி வந்தால் உங்கள் அளவை நம்பலாம்.

புடுவிலிருந்து: லோ யாட் கணினிக் கடைகளில் வாங்கிய தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. இதே முறைதானா?

இல்லை. மானிட்டரைக் கார்டில் செருகியிருந்தால் படம் கார்டின் சொந்த மெமரியிலிருந்து போகும், டிராம் கவுண்டருக்கு அது தெரியவே தெரியாது.

பாயான் லெப்பாஸ் தம்பி மறுபடியும்: 3டி உருவத்தின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரைச் சின்னதாகப் போட்டால், டிராமிலிருந்து படிக்கும் அளவு ஏறவே இல்லையே அக்கா?

சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரியான கேஷிலேயே கிடைத்துவிடுகிறது, டிராம் வரைக்கும் வர வேண்டிய அவசியமில்லை. கேஷில் அடங்காத அளவுக்குப் பெரிய டெக்ஸ்சர் போட்டுப் பாருங்கள், ஏறும்.