பிராந்திய ராணுவம்: வேலையை விட்டுவிட்டு வராதீர்கள்

பிராந்திய ராணுவம் (டெரிட்டோரியல் ஆர்மி) என்பது சொந்த வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் பணியாற்றும் படை. அதைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, ஆள்சேர்ப்பு அறிவிக்கையை ஒருமுறை படித்திருந்தால் எழுதவே தேவைப்படாதவை.

எனக்கு 41 வயது. அதிகாரி பதவிக்கு விண்ணப்பிக்கலாமா? (ஈரோடு)

42 வரை இடமுண்டு. பட்டம் வேண்டும். வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள்.

போலீஸ் காவலராக இருக்கிறேன். விடுமுறை நாட்களில் சேர்ந்து பணியாற்றலாமா? (மதுரை)

முடியாது. முப்படை, காவல்துறை, துணை ராணுவம் எதில் இருந்தாலும் இடமில்லை. நெருக்கடி வந்தால் இரண்டு இடத்திலும் உங்களைத்தானே தேடுவார்கள்?

தேர்வுக்கு முழுநேரமாகப் படிக்க வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். ஓய்வூதியம் எத்தனை ஆண்டில் கிடைக்கும்? (சென்னை)

தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஊரில் சொந்தப் பிழைப்பு உள்ளவர், நாடு கூப்பிடும்போது சீருடை அணிய வேண்டும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையே அதுதான். வருமானம் தரும் வேலையில் இருப்பது அதிகாரித் தேர்வுக்கான தகுதிகளில் ஒன்று. அந்தத் தகுதியைத்தான் ராஜினாமா கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

ஆண்டுக்குச் சுமார் இரண்டு மாதம் பயிற்சி. விடியற்காலையில் பி.டி., பிறகு வரைபடம், ஆயுதம். வங்கியில் காசோலைக்குக் கையெழுத்துப் போட்ட கை, துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து எண்ணெயிட்டு மறுபடி பூட்டும். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு. முகாம் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. ஓய்வூதியத்துக்கு எம்பாடிமென்ட் சேவை, அதாவது அழைக்கப்பட்டு முழுநேரப் படைப்பணியில் இருந்த காலம்தான் கணக்கு: ஜவானுக்கு 15 ஆண்டு, அதிகாரிக்கு 20. வருடாந்திரப் பயிற்சிக்கு மட்டும் வந்துபோகிறவர் அந்தக் கணக்கை எந்தக் காலத்திலும் எட்டப்போவதில்லை. இதை நிரந்தர அரசு வேலை போலக் காட்டிக் கட்டணம் வசூலிக்கும் பயிற்சி மையங்கள் மீது எனக்கு நெடுநாள் கோபம். முதலில் ஒரு வேலையில் சேருங்கள். விண்ணப்பம் அப்புறம்.

அழைப்பு வந்து போனால் முதலாளி வேலையிலிருந்து நீக்கிவிடலாமா? (திருப்பூர்)

சட்டத்தின் 7-ஏ பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. படைப்பணி முடித்துத் திரும்புகிறவரை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும். மறுத்தால் ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு தர உத்தரவிடலாம். ஆனால் முதலாளியிடம் மறைத்துச் சேர்ந்துவிட்டு, அழைப்பு வந்த அன்று கடிதத்தை நீட்டாதீர்கள். தடையில்லாச் சான்றை முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை செல்லாது.

உண்மையிலேயே போருக்கு அழைப்பார்களா? (சேலம்)

பின்னே, அணிவகுப்புக்கு மட்டுமா? 1962, 1965, 1971 போர்களில் இந்தப் படை பணியாற்றியிருக்கிறது. 2025 மே மாதத்தில்கூட இதன் வீரர்களை அழைக்கும் அதிகாரத்தை மத்திய அரசு ராணுவத் தலைமைத் தளபதிக்கு அளித்தது. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணியில் இறக்கவும் ஒப்புதல் தந்தது.

தோனியைப் போல நேரடியாக லெப்டினன்ட் கர்னல் ஆக என்ன வழி? (கரூர்)

முதலில் உலகக் கோப்பை வெல்லுங்கள். 2011-இல் அவருக்கு அளித்தது கௌரவப் பதவி. உங்களுக்கு எழுத்துத் தேர்வு, நேர்முகம், எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் தேர்வு), மருத்துவப் பரிசோதனை, அதன்பின் லெப்டினன்ட்.

பெண்கள் சேரலாமா? (நாகர்கோவில்)

சேரலாம். 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் வழி திறந்தது.

ஜவானாகச் சேரத் தமிழ்நாட்டில் எங்கே போவது? ஒருவர் பணம் கேட்கிறார். (விருதுநகர்)

கோவையில் 110-ஆவது பட்டாலியனும் திருச்சியில் 117-ஆவது பட்டாலியனும் இருக்கின்றன. ஆள்சேர்ப்பு முகாம் அறிவிப்பு வரும்போது அதில் உங்கள் மாநிலம் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களையும் அவர் கையில் ஒப்படைக்காதீர்கள். உடல்தகுதித் தேர்வில் உங்களுக்காக 1.6 கிலோமீட்டர் அவரா ஓடப்போகிறார்?